வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில்

ரூவி ஹை ஸ்ட்ரீட்டில்
மூன்றாவது முறையாக அதே கடை.
"எத்தனை மெகாபிக்சல் வேணும்?" என்கிறார் ஹம்சக்கோயா,
அரிசி எத்தனை கிலோ என்பதுபோல.
பன்னிரண்டு என்றால் எழுபது ரியால்,
இருபத்துநாலு நூற்றுப் பத்து.
கூடுதல் பன்னிரண்டும்
கூடுதலாக எதைக் காட்டும் என்று கேட்டேன்.
"பெரிய பேனர் அடிக்கலாம்."
எனக்கு யார் பேனர் வைக்கப்போகிறார்கள்?

கடைசியில்
கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழையது.
பதினோராயிரத்துச் சொச்சம் தடவை
கண் சிமிட்டியிருக்கிறதாம்.
நான் லிஃப்ட் மெக்கானிக்;
எத்தனை தடவை ஏறி இறங்கியது என்று தெரியாமல்
எதையும் நம்புகிறவன் இல்லை.
ஷட்டரைத் தட்டித் தட்டிக்
காதில் வைத்துக் கேட்டேன்.
தேய்மானச் சத்தம் இல்லை.
நாற்பத்தெட்டு ரியால், பை இலவசம்.
பையின் ஜிப் மட்டும்
இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில்
நின்றுவிடும்.

கையேடு ஜப்பானிய மொழியில்.
சக்கரத்தில் பச்சைக் கட்டம் ஒன்றுதான் புரிந்தது: ஆட்டோ.
மற்ற எழுத்துகளெல்லாம்
பூட்டிய மெஷின் ரூம்கள்.
எண் குறைந்தால் துளை பெரிதாகும்
என்று விளங்கவே ஒரு வாரம்.
என் சட்டைப்பை பத்து வருடமாக
இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை. ஆகஸ்ட்.
பதினெட்டு டிகிரி அறையிலிருந்து
நாற்பத்திரண்டுக்குள் வந்து
மூடியைக் கழற்றி அமுக்கினேன்.
திரை முழுக்க வெள்ளை.
வயிறு கலங்கியது.
சட்டை நுனியால் துடைத்து அமுக்கினால்
மறுபடி வெள்ளை.
"வேர்க்குதுடா அதுக்கு" என்றான் சந்தியாகு.
"வெளிவேலைக்கு வந்த முதல் நாள்
எல்லாருக்கும் அப்படித்தான்."
கண்ணாடி வெயிலுக்குப் பழகும்வரை
நிழலில் உட்கார்ந்து டீ குடித்தோம்.

பிறகு அவன்
யாருடைய வெள்ளைக் காரிலோ சாய்ந்து நின்றான்.
மஞ்சள் கட்டம் சட்டென்று முகத்தில் விழுந்தது.
அதே நொடி கார் அலறியது.
படத்தில் அவன் ஓடிக்கொண்டிருக்கிறான்,
ஒரு செருப்பு மட்டும் துல்லியமாக.

மத்ரா கடற்கரைச் சாலையில்
பூச்செடிக்குக் குழாய் பிடித்துக்கொண்டிருந்தார் ஒருவர்.
தலை, வாய், மூக்கு, எல்லாம் துண்டுக்குள்.
கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி.
எடுக்கவா என்று சைகையில் கேட்டேன்.
குழாயைத் தாழ்த்தி நேராக நின்றார்.
மஞ்சள் கட்டம் அவரைத் தாண்டிப்போய்
பின்னால் வங்கி விளம்பரத்தில்
பல் தெரியச் சிரிக்கும் குடும்பத்தின் மேல்
நாலு கட்டமாக உட்கார்ந்தது.
மறுபடியும் அமுக்கினேன். மறுபடியும் குடும்பம்.

லென்ஸின் பக்கவாட்டில் ஒரு குட்டி சுவிட்ச்.
தள்ளினேன்.
வாசலும் தரையும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை
பெட்டியை அங்குலம் அங்குலமாக இறக்குவதுபோல
வளையத்தைத் திருப்பினேன்,
தாண்டிப்போய்த் திரும்பி வந்தேன்.
துண்டின் நெசவு தெரிந்தது.
புருவத்தில் உப்பு.
கறுப்புக் கண்ணாடியில்
இரண்டு சந்தியாகு, இரண்டு கொட்டாவி.

உலகத்திலேயே நான் எடுத்த நல்ல படம் அதுதான்.
ஓடிப்போய்க் காட்டினேன்.
குனிந்து பார்த்தவர்
"இது யார் வேண்டுமானாலும் இருக்கலாமே"
என்றார் இந்தியில்.
துண்டை அவிழ்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.
குழாய்த் தண்ணீரில் கை நனைத்து
வகிடெடுத்துச் சீவினார்.
நான் நினைத்ததைவிட மிகவும் சின்னப் பையன்.
"இப்போ எடுங்க."

சிவப்பு விளக்கு ஒருமுறை மினுக்கி
கேமரா செத்துப்போனது.
பேட்டரியும் பழையதென்று
ஹம்சக்கோயா சொல்லவில்லை,
நான் கேட்கவுமில்லை.
எடுத்ததுபோல் நடிக்க விரல் போனது.
அந்த வகிட்டைப் பார்த்துக் கை வரவில்லை.
"அடுத்த வெள்ளி" என்றேன்.
"ஏழு மணி. ஷஹாபுதீன்" என்றான்,
சீட்டில் எழுதிக்கொள்ளச் சொல்வதுபோல.

இன்று வியாழன் இரவு.
நாலு ரியால் கொடுத்து வாங்கிய
புது பேட்டரி இரண்டும் நிரம்பிவிட்டன.
சக்கரத்தைப் பச்சையிலிருந்து விலக்கியாயிற்று.
ஏ.சி. இல்லாத சமையலறையில்
வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில்
வைத்திருக்கிறேன் கேமராவை.
இப்போதே வேர்த்து முடிக்கட்டும்.